முன்னால் டிக்கி உள்ள கார்

அபுதாபியில் காரில் ஏறினால் பிட்டம் வேகாத மாதங்கள் வருஷத்துக்கு நான்கு. அந்த நான்கு மாதமும் ஈசா தன் சிவப்புக் காரைத் தூங்க வைத்துவிடுவார். மற்ற எட்டு மாதமும், இரண்டு கையிலும் தோலுறை மாட்டிக்கொண்டு, சீட்டின் மேல் ஈரச்சாக்கு விரித்து, அதன் மேல் துண்டு விரித்து, அதன் மேல் தான் உட்கார்ந்து, கடற்கரை ரோட்டின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகப் பறப்பார். சாக்கு காய்ந்ததும் வீடு திரும்புவார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை. ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலத்தில் பாதுகாப்பது எப்படி என்று அதில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தான் பனி பெய்யும் ஊர்க்காரன் ஒருவன். டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்று, ஆயிலை மாற்று, பேட்டரியைக் கழற்று, சக்கரம் தரையில் படாமல் கட்டைமேல் நிறுத்து, எலி புகாமல் சைலன்சர் வாயை அடை, உறை போட்டு மூடு, வசந்தம் வரும்வரை தொடாதே. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஈசாவின் கம்பெனியில் டைப்பும் கணக்கும் பார்த்த மாம்பலத்து அனந்தகிருஷ்ணன்தான் அதை வாசித்து இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு, "அர்பாப், இது பனி கொட்டற தேசத்துக்கு எழுதினது. இங்கே பனி ஏது?" என்றும் கேட்டார். முதலாளிக்கு அங்கே அர்பாப் என்று பேர்.

"குளிர்காலம் அங்கே வரும்போதுதானே இங்கேயும் வருகிறது? காலண்டர் ஒன்றுதானே?" என்றார் ஈசா.

அனந்தகிருஷ்ணன் பத்திரிகையை மூடி வைத்தார். எப்படியும் குளிர்காலம் முழுக்க ஈசா வல்லூறுகளைத் தூக்கிக்கொண்டு பலுசிஸ்தானத்துக்கு வேட்டைக்குப் போய்விடுவார். கார் தூங்கத்தான் வேண்டும். அது தூங்கும்போது பக்கத்தில் விழித்திருக்கும் வேலை, டிரைவர் வைரவனுடையது.

தேவகோட்டைப் பக்கத்து வைரவனுக்குச் சொத்து என்று இருந்தது மூக்கு ஒன்றுதான். பக்கத்து ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு, அதில் உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்பது வரை தன் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிடுவான். பம்பாயில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தபோது ஈசா மூன்று டப்பாவில் பெட்ரோலை வைத்து முகரச் சொன்னார். முதல் டப்பாவில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது, இரண்டாவது சுத்தம், மூன்றாவதும் சுத்தம், ஆனால் அதை ஊற்றியவன் காலையில் வெள்ளைப்பூண்டு தின்றிருக்கிறான் என்றான் வைரவன். ஊற்றியவர் ஈசா. அந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார்.

வேலை கொடுத்த மூக்குதான் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது. தொண்டியில் கருவாட்டு வியாபாரி உடையப்பன் மகள் வடிவைப் பெண் பார்க்கப் போனான். கருவாடு அடுக்கும் கிட்டங்கிக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். வைரவன் உள்ளே நுழைந்ததும் துண்டை எடுத்து மூக்கில் வைத்தவன், கேசரியைக்கூடத் துண்டுக்கு அடியில் கொண்டுபோய்த்தான் தின்றான்.

"மாப்பிள்ளைக்குச் சளியா?" என்றார் உடையப்பன்.

"இல்லீங்க. வாடை."

கூடத்தில் இருந்த பதினான்கு பேரும் உடையப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அது வடிவு. அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து கட்டினால் இவளைத்தான் என்று வைரவன் நின்றான். அவளும் நின்றாள். உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நாள் குறித்தார். லீவு கிடைக்காமல் இரண்டு முறை நாள் தள்ளிப்போனது. எழுபத்தேழாம் வருஷம் புரட்டாசியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'பங்குனி இருபத்தொன்றாம் தேதி பந்தல் போட்டுவிட்டேன். நீ வராவிட்டால் ஐஸ் கம்பெனிக்காரர் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பந்தலை நான் வீணாக்குவதில்லை.'

ஆகவே அந்தக் குளிர்காலத்தில் வைரவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பங்குனிக்கு லீவு.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசிக்குத் தள்ளிப் போயிருந்தது. நல்லவேளையாக வெள்ளிக்கிழமை, விடுமுறை. முதல்நாள் சாயங்காலம் ஈசா காரைக் கொண்டுவந்து, தன் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் விட்டு, சாவியை வைரவனிடம் எறிந்தார்.

"நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். அதற்குள் தூங்க வை."

கார் இத்தாலிக்காரன் செய்தது. எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். வைரவன் அந்த முன்பக்க டிக்கியைத் துடைக்கத் திறந்தபோது உள்ளே ஒரு பை இருந்தது. பையில் உரித்த புறா ஆறு. போன பெருநாளுக்கு அர்பாப் இதே டிக்கியில் ஒரு ஆட்டுத் தொடையை வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து, "அது உனக்குத்தான், சாப்பிட்டாயா?" என்று கேட்டவர். நம் பண்டிகையைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறாரே மனுஷன் என்று வைரவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு முசஃபாவில் இருந்த தொழிலாளர் கேம்புக்குப் போய், வெல்டர் சேதுபதி கையில் கொடுத்தான்.

மறுநாள் காலையில் வைரவன் பத்திரிகைக்காரன் சொன்ன அத்தனையும் செய்து முடித்தான். கார் நாலு கட்டையில் நின்றது. மத்தியானம் சேதுபதி புறாக் குழம்போடும் அவித்த முட்டை ஆறோடும் வந்தான். அனந்தகிருஷ்ணன் சுண்டல், பொரி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வந்தவர் குழம்புச் சட்டியைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

"ராமா! ஆயுத பூஜைக்கு மாம்சமா? சரஸ்வதி முன்னாடி இதை வெப்பாளோ யாராவது?"

"சார், சரஸ்வதி ஒங்க டைப் அடிக்கிற மிசினுக்கு," என்றான் சேதுபதி. "இது செவப்பா இருக்கு. உறுமுது. நூத்தம்பது மைலு போகுது. இதுக்குள்ள ஒக்காந்துருக்கது கருப்பன். கருப்பனுக்குச் சுண்டல வெச்சா என்னாகுந் தெரியுமா?"

"என்னாகும்?"

"நட்ட நடு ரோட்ல நிப்பாட்டி, 'யார்ரா எனக்குப் பயறு வெச்சது'ன்னு கேப்பான்."

"ஓய் வைரவா, நீர் சொல்லும். ஒம்ம கார்."

வைரவன் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாதவன். ஒரே தாம்பாளத்தில் இந்தப் பக்கம் சுண்டலும் பொரியும், அந்தப் பக்கம் புறாவும் முட்டையும் வைத்து, நடுவில் வாழைப்பழத்தை வரப்பாகப் போட்டான். குங்குமம் தடவிய பாதிப் பூசணிக்காயையும் ஓரத்தில் இருத்தினான். கற்பூரம் காட்டினார்கள். படைத்ததை மறுநாள் காலை வரை அசைக்கக் கூடாது என்பது முறை. சரஸ்வதிக்கும் அதே முறை, கருப்பனுக்கும் அதே முறை. அதில் மட்டும் மூன்று பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கற்பூரம் அணைந்தது. வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது.

"ஐயையோ, அர்பாப்பு! அவரு கொட்டகையில பூசைன்னு தெரிஞ்சா வேல போச்சு!" என்றான் வைரவன்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஐம்பது வயதும் ஆஸ்துமாவும் உள்ள அனந்தகிருஷ்ணன் எட்டடிச் சுவரை ஒரே எக்கில் தாண்டி அந்தப் பக்கம் குதித்தார். சேதுபதி தாம்பாளத்தை அலாக்காகத் தூக்கி முன்பக்க டிக்கிக்குள் வைத்து மூடினான். டொக் என்று ஒரு சத்தம். இத்தாலிக்காரன் செய்த பூட்டு, அழகாக விழுந்தது.

ஈசா முஷ்டியில் வல்லூறோடு உள்ளே வந்தார். சிநேகிதர் ஒருவரின் விமானம் இன்றே கிளம்புகிறதாம், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாதாம். காரைச் சுற்றி வந்தார். கட்டையைத் தட்டினார். சைலன்சர் வாயில் அடைத்த துணியை விரலால் குத்தினார். முகம் மலர்ந்தது.

"ஷாபாஷ். சாவி."

"அர்பாப், ஏக் மினிட்… அந்தர் கொஞ்சம் சாஃப் பண்ணணும்…"

"பளபள என்று இருக்கிறது. கொடு."

சாவி அர்பாபின் கழுத்துக்குப் போனது. கூட வந்த நாலு பேர் கித்தான் உறையைப் போட்டு, கூடாரம் தைக்கும் ஊசியால் அடிவிளிம்பைச் சுற்றிலும் தைத்தார்கள். ஒவ்வொரு முடிச்சிலும் ஈசா தன் கையாலேயே ஈயம் வைத்து, துறைமுகத்தில் சரக்கு மூட்டைக்கு முத்திரை குத்தும் குறட்டால் நெரித்தார். எட்டு முடிச்சு, எட்டு முத்திரை. ஒவ்வொன்றிலும் ஒரு வல்லூறு.

"பிப்ரவரியில் வருவேன். இந்த முத்திரை இப்படியே இருந்தால், கார் நான் விட்டபடியே இருந்தால், மார்ச்சில் உனக்கு இரண்டு மாசம் லீவு, டிக்கெட், உன் கல்யாணம். ஒரு முத்திரை உடைந்திருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு மாஃபி லீவு, லீவே கிடையாது. கலாஸ்."

ஜீப் போய்விட்டது. வைரவனும் சேதுபதியும் உறைக்குள் இருந்த காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விட்டபடியே இருக்கும் பங்காளி," என்றான் சேதுபதி. "உள்ள இருக்கதுதான் விட்டபடியே இருக்காது."

மூன்றாம் நாள் அது வைரவனுக்கு மட்டும் தெரிந்தது. முதலில் வெங்காயம் தனியாக வெளியே வந்தது. பிறகு சுண்டல் புளித்தது. வாழைப்பழம் ஒரு நாள் சாராயமாக இருந்து பார்த்தது. ஒரு வாரத்தில் புறா தன் பெயரை இழந்தது. இத்தாலிக்காரன் உள்ளே காற்றுப் புகாமல் செய்யப் பாடுபட்டவன், உள்ளிருப்பது வெளியேறாமல் செய்வதை யோசிக்கவே இல்லை.

இரண்டாம் வாரம் ஊருக்கே தெரிந்தது. வைரவனின் படுக்கை அதே கொட்டகையில், காருக்கு நாலடி தள்ளி. வேறு இடத்தில் படுக்க முடியாது, காவல். சோற்றைப் பிசைந்தால் சோற்றில் அது. தண்ணீரைக் குடித்தால் தண்ணீரில் அது. தூ! எச்சிலைத் துப்பினால் துப்பிய இடத்தில் அது. மற்றவர்களுக்கு அது ஒரு நாற்றம். அவன் மூக்குக்கு அது பதினேழு. புறாவின் கால் வேறு, நெஞ்சு வேறு, குடல் வேறாகத் தனித்தனியாக வந்து நலம் விசாரித்தன.

கார்த்திகையில் முட்டைகள் வெடித்தன. மத்தியான வேளையில் ஒவ்வொன்றாக, டப்பென்று. ஒரு நாளைக்கு ஒன்று. வைரவன் எண்ணினான். ஐந்து வெடித்த பிறகு ஆறாவது வெடிக்கவில்லை. அதற்காகக் காத்திருப்பது வெடித்த ஐந்தையும்விடக் கேவலமாக இருந்தது. பட்டணத்துப் பூனைகள் எல்லாம் தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. தை மாதம் அவையும் எழுந்து போய்விட்டன. ஷார்ஜாவில் இருந்து ஈக்கள் வந்தன. கொட்டகைக்குள் கொளுத்திய பீடி இரண்டு இழுப்பில் தானாக அணைந்தது. சுவரில் தொங்கிய காலண்டரில் நவம்பர் மாதம் இருபதாம் தேதியே கழன்று விழுந்துவிட்டது. இருக்கப் பிடிக்கவில்லை.

கேம்பில் வைரவனுக்கு வாசலுக்கு வெளியே தட்டு வைத்தார்கள். சலூன்காரன் நீளமான கழியில் கத்தரிக்கோலைக் கட்டிக்கொண்டு முடி வெட்டினான். அனந்தகிருஷ்ணன் ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

"நான் அன்னைக்கே சொன்னேனோல்லியோ? வெறும் சுண்டலோட விட்டிருந்தா இந்நேரம் உலர்ந்து உதிர்ந்திருக்கும். தெய்வமும் சும்மா இருந்திருக்கும்."

"சுண்டலுந்தான் சார் அந்த நாத்தத்துல சேந்துக்கிச்சு. தனியா வருது. எனக்குத் தெரியுது."

"சாம்பிராணி போட்டுப் பாரேன்."

போட்டான். சாம்பிராணி அதைக் கண்டு பயந்து தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே போனது.

சேதுபதி வேறு யோசனை சொன்னான். "ஈயந்தானே பங்காளி? ஒடைப்போம், தாம்பாளத்த எடுப்போம், திரும்ப ஊத்தி நான் முத்திர போட்டுத் தர்றேன். கப்பலுக்கே பத்த வெச்சவன் நானு." முதலில் ஒரு தனி ஈயத் துண்டில் வல்லூறைச் செதுக்கிப் பார்த்தான். மூன்று நாள் செதுக்கினான். முடித்தபோது அது கோழியாக இருந்தது. முட்டையின் மேல் உட்கார்ந்த கோழி. வைரவன் அதைப் பார்த்து ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

மார்கழியில் ஒரு காலை, ஈசாவின் தாய் உம்மு ஹானி பின்கட்டுக்கு வந்தார். மூத்தவன் ஹானியின் பேரால் ஊரே அவரை அப்படித்தான் அழைத்தது. கையில் எப்போதும் ஒரு செருப்பு உபரியாக வைத்திருப்பார், பேச்சுக்கு உதவும் என்று. முகத்திரையை இரண்டாக மடித்து மூக்கில் அழுத்திக்கொண்டு தூரத்திலேயே நின்றார்.

"யா வைரவன், நீ குளிக்கிறாயா?"

"மூணு வேளையும் மாமா," என்றான் வைரவன். வீட்டு எஜமானிக்கு அங்கே மாமா என்றுதான் பேர்.

"உள்ளே பறவை மாமிசம் இருக்கிறதா? ஈசா ஒரு தடவை வல்லூறுக்குப் புறாவை என் வீட்டுக்குள் கொண்டுவந்து மறந்துவிட்டுப் போனான். இந்தச் செருப்பின் ஜோடியை அவன் முதுகில்தான் தொலைத்தேன். இனி என் வளவுக்குள் கொண்டுவந்தால் வேட்டையும் கிடையாது, வல்லூறும் கிடையாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதே மாதிரி நாறுகிறது."

"மாஃபி மாமா. மாஃபி."

"அப்படியானால் அது நீதான்," என்று கிழவி முடிவு செய்து, மத்தியானமே வைரவனுக்கு ஆறு சோப்பும், புகைக்கத் தணலோடு ஊது என்கிற அகில் கட்டையும் அனுப்பிவைத்தார். அகிலின் புகை எழுந்தது. கொட்டகைக்குள் இருந்தது அதைத் தள்ளவில்லை. அணைத்துக்கொண்டது. வைரவனுக்கு அன்றுவரை குமட்டல் மட்டும்தான் இருந்தது. அன்றுமுதல் அதற்கு ஒரு மணமும் சேர்ந்தது. பிணத்துக்கு அத்தர் பூசினால் பிணம் எழுந்து வந்து கட்டிப்பிடிக்கிற மாதிரி.

அவனுக்குக் கார் மேல் அருவருப்பு வந்தது. அதன் வழவழப்பு மேல், சிவப்பு மேல், அதைக் குழந்தை மாதிரி மூடிவிட்டுப் போனவர் மேல், சுண்டல் மேல், கருப்பன் மேல்கூட வந்தது. எல்லாவற்றையும்விடத் தன் மூக்கு மேல்தான் அதிகம். இதை வைத்துக்கொண்டா கருவாட்டு வீட்டில் போய்த் துண்டைப் பிடித்தேன் என்று நினைத்தான். நெத்திலிக் கருவாட்டின் ஞாபகம் அவனுக்கு இப்போது பன்னீர் மாதிரி வந்தது.

தை பிறந்ததும் தொண்டியில் இருந்து பதில் வந்தது. எழுதியவர் உடையப்பன்.

'உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அதைக் குச்சியில் செருகித் தூக்கி வந்தார். நாற்பது வருஷமாகக் கருவாட்டில் புரள்கிற குடும்பம் என்னுடையது. அதைக் கிட்டங்கியில் ஆணியில் மாட்டினேன். மறுநாள் வந்த மதுரை வியாபாரி, சரக்கெல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று வெறும் வண்டியோடு திரும்பிவிட்டார். நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய்? என் வீட்டில் மூக்கைப் பொத்தியவன் நீதானா? பங்குனி இருபத்தொன்று. மறக்காதே.'

அடியில் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'அப்பா கோவமா இருக்காக. எனக்கு ஒண்ணும் தெரியல, சளி. வந்துருங்க. வடிவு.'

வைரவன் அந்த வரியை மட்டும் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முத்திரை எட்டையும் ஒருமுறை எண்ணினான். இன்னும் ஐந்து வாரம்.

மாசி பாதியில் ஈசா வந்தார். தாடி நெஞ்சு வரை வளர்ந்திருந்தது. நேரே கொட்டகைக்கு வந்து, முழங்காலிட்டு, முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். எட்டும் இருந்தன. வீட்டுப் பின்வாசலில் மகனைப் பார்க்க உம்மு ஹானி வந்து நின்றார், கையில் செருப்போடு.

"ஷாபாஷ் வைரவன்! ஆனால் இங்கே என்ன…" என்று ஈசா மூக்கைச் சுருக்கினார். "எலி செத்திருக்கிறதா?"

வைரவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது உள்ளே போய்விடும்.

தையலை அறுத்தார்கள். உறையை உருவினார்கள். கார் சிவப்பாக, ஒரு தூசி இல்லாமல், நாலு மாசத்துக்கு முன் நின்றபடியே நின்றது. பத்திரிகைக்காரன் பார்த்திருந்தால் படம் எடுத்துப் போட்டிருப்பான். ஈசா கழுத்துச் சாவியால் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு டிக்கியின் விசையை இழுத்தார். முன்மூடி அரை அங்குலம் எம்பியது.

அந்த அரை அங்குலத்தில் வெளியே வந்ததை என்னவென்று சொல்வது? கூரைத் தகரம் படபடத்தது என்று சேதுபதி பிற்காலத்தில் சொல்வான், அவன் அன்று அங்கே இல்லை. கொட்டகை முளையில் கட்டியிருந்த வல்லூறு, பலுசிஸ்தானத்தில் ஓநாயைக் கண்டு இமைக்காதது, தலையைச் சிறகுக்குள் விட்டுக்கொண்டது. அது நடந்ததுதான்.

ஈசா மூன்றடி பின்னால் போனார். முகத்தில் முதலில் கோபம் வந்தது. வைரவனைப் பார்த்தார். பங்குனி இருபத்தொன்று அந்தப் பார்வையில் செத்துக்கொண்டிருந்தது. அப்புறம் கோபம் போய் என்னவோ ஞாபகம் வந்தது. தாடிக்கு அடியில் நிறம் மாறியது.

"புறா," என்றார் காற்றுக் குரலில். "யா அல்லா. ஆறு புறா. கிளம்புகிறதுக்கு முதல்நாள் சந்தையில் வாங்கினேன். வல்லூறுக்கு. இதற்குள்தான் வைத்தேன்." பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார். உம்மு ஹானி செருப்பை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "வைரவன், அம்மாவுக்குத் தெரிந்தால் என் வேட்டை போயிற்று. சகோதரா!"

புறா அவர் வைத்ததுதான். ஆறும் அதே ஆறுதான். எடுத்தது, குழம்பானது, திரும்ப அதே டிக்கிக்குள் போனது, இடையில் நடந்த இவ்வளவுதான் அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் புறாவும் பித்தளைத் தாம்பாளத்தில், குங்குமம் தடவிய பூசணிக்காயோடு சாகாது. மூடியை இன்னும் ஒரு சாண் தூக்கினால் அர்பாப் அதைப் பார்ப்பார்.

"அர்பாப், நீங்க பாக்காதீங்க," என்றான். "பெரிய மனுஷர் பாக்கற பண்டமில்ல இது. நான் எடுக்கறேன். மாமாகிட்ட எலின்னு சொல்லுங்க. போங்க, தூரமாப் போங்க."

ஈசா தாயை நோக்கி ஓடினார், "எலி, எலி" என்று.

வைரவன் சட்டையைக் கழற்றினான். மூச்சை அடக்கிக்கொண்டு மூடியைத் தூக்கித் தலையையும் இரண்டு தோளையும் உள்ளே விட்டான். பின்னால் இருந்து பார்ப்பவருக்கு அவன் முதுகு தவிர ஒன்றும் தெரியாதபடி டிக்கியை உடம்பாலேயே அடைத்தான். உள்ளே சுண்டல் எது, புறா எது, வரப்பாகப் போட்ட வாழைப்பழம் எது என்ற பேதமெல்லாம் எப்போதோ தீர்ந்து, கறுப்பாக, பளபளவென்று, அசைந்தது போலவும் இருந்தது. தாம்பாளம் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சீ, கருமமே! இரண்டு கையாலும் நகத்தால் நெம்பினான். மூச்சு முட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடக்கினான். தாம்பாளம் பெயர்ந்து வந்தது. வந்த வேகத்தில் அதன் ஓரத்தில் இத்தனை நாளாகப் பொறுமையாக இருந்த ஆறாவது முட்டை, அவன் மூக்குக்கு நேர் எதிரே வெடித்தது.

வைரவன் மூச்சை இழுத்தான். இழுக்காமல் எப்படி?

உலகத்தில் எந்த மூக்கும் அவ்வளவையும் ஒரே இழுப்பில் வாங்கியதில்லை. அப்படியே சட்டையில் எல்லாவற்றையும் சுருட்டி, தாம்பாளத்தோடு மார்பில் அணைத்து, கொட்டகைக்குப் பின்னால் ஓடி, மணலில் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்தான். கருப்பனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டான். அப்புறம் மூன்று தரம் வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்தபோது ஈசா கண்ணில் நீரோடு நின்றிருந்தார்.

"என் அசிங்கத்துக்குள் நீ தலையை விட்டாயே! என் தம்பி செய்வானா? மார்ச்சில் லீவு. இரண்டு மாசம் இல்லை, மூன்று. டிக்கெட் என் செலவு." சொல்லிவிட்டு, தம் ஜாதி ஆண்கள் சமமான ஆணுக்குத்தான் கொடுக்கும் மரியாதையாக, குனிந்து தம் மூக்கை வைரவன் மூக்கோடு வைத்து மூன்று தரம் தொட்டார்.

நாலு மாசம் பாலைவனத்தில் குளிக்காத மனுஷர். மேலே அத்தர் வேறு. இரண்டில் ஒன்றாவது வரவேண்டும். வைரவனுக்கு இரண்டும் வரவில்லை. அர்பாபிடமிருந்தும் டிக்கி வாடைதான் வந்தது. சோப்பில் இருந்தும் அதுவே வந்தது. விமானத்தில் கொடுத்த எலுமிச்சைத் துணியில் இருந்தும், பம்பாய் ஸ்டேஷன் பூரிக் கிழங்கில் இருந்தும் அதுவே. அவன் மூக்கு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது.

பங்குனி இருபத்தொன்றாம் தேதி தாலி கட்டினான். ஐஸ் கம்பெனிக்காரர் மகன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். பன்னீர் தெளித்தார்கள், டிக்கி வாடை. சந்தனம் பூசினார்கள், டிக்கி வாடை. மாலையைக் கழுத்தில் போட்டதும் ஓங்கரிப்பு வந்து, அதை விழுங்கிக்கொண்டு மேடையில் சிரித்தான்.

மறுநாள் காலை உடையப்பன் வேண்டுமென்றே மாப்பிள்ளையைக் கிட்டங்கிக்குள் கூட்டிக்கொண்டு போனார். நெத்திலியும் திருக்கையும் சுறாவும் கூரை வரை குவிந்திருந்தன. நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "உக்காருங்க மாப்ள," என்றார். துண்டு எப்போது மேலே போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

வைரவன் மூச்சை இழுத்தான். டிக்கி வாடை. ஆனால் ஐந்து மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக, சுற்றி இருந்தவை எல்லாம் அதற்கு ஒத்துவந்தன. கண் பார்ப்பதும் மூக்குச் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இடம் பூமியில் இது ஒன்றுதான். அவன் உடம்பு தளர்ந்தது. துண்டை உதறி மடியில் விரித்துக்கொண்டான்.

"வடிவு, இங்கேயே எலையப் போடு," என்றான். "இங்கதான் சோறு எறங்கும்."

உடையப்பன் அவன் மடியில் விரிந்த துண்டைப் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏத்தா வடிவு! அரபு நாட்டுல மாப்ள மூக்க நல்லாத்தான் பழுது பாத்து அனுப்பிருக்கான். சுறாப்புட்டும் கொண்டா!"

கதவுக்குப் பின்னால் அதே சிரிப்பு வெடித்தது.

கார் என்னவாயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. ஈசாவால் அதில் உட்கார முடியவில்லை. தோஹாவில், ஆறு வருஷமாக ஜலதோஷம் தீராத ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயருக்கு விற்றுவிட்டார். இவ்வளவு நன்றாகக் குளிர்காலம் கழித்த வண்டியைத் தான் பார்த்ததே இல்லை என்று அவன் கடிதம் எழுதினானாம்.